பூனையைக் கொன்றது யார்?

குழந்தை சேர்ந்தாற்போல நாலு கேள்வி கேட்டால், 'க்யூரியாசிட்டி கில்டு தி கேட்' என்று சொல்லி வாயை அடைத்துவிடுவது ஆங்கிலேயர் வீட்டு வழக்கம். அளவுக்கு மீறித் துருவினால் ஆபத்து என்று அர்த்தம்.

ஆனால், ஆதியில் பூனையைக் கொன்றது ஆர்வம் அல்ல, கவலை! 'கேர் கில்டு தி கேட்' என்பதுதான் பழைய வடிவம். 'கேர்' என்றால் இன்று அக்கறை. அன்று மனதை அரிக்கும் கவலை. ஒன்பது உயிர் கொண்ட பூனையே கவலைப்பட்டால் செத்துவிடும், மனிதன் எம்மாத்திரம்?

1598-ல் மேடையேறிய பென் ஜான்சனின் 'எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்' நாடகத்தில் இந்தப் பூனை வருகிறது. அதில் நடித்தவர்களில் ஒருவர், சாட்சாத் ஷேக்ஸ்பியர்! அவருடைய 'மச் அடோ அபவுட் நத்திங்' நாடகத்திலும் அதே பூனை, அதே கவலை.

19-ம் நூற்றாண்டில்தான் கவலை இருந்த இடத்தில் ஆர்வம் வந்து உட்கார்ந்தது. 'கவலைப்படாதே' என்று தேற்றிய பழமொழி, 'கேள்வி கேட்காதே' என்று மிரட்ட ஆரம்பித்தது. பாவம், குழந்தைகள்!

நல்லவேளை, 20-ம் நூற்றாண்டில் யாரோ அதற்கு ஒரு வால் ஒட்டினார்கள். விடை தெரிந்த திருப்தியில் பூனை பிழைத்து வந்துவிட்டதாம்.