உங்களுக்குத் தெரியுமா? ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேஸ் எங்கே இருக்கிறது?

திருகோணமலை போன் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ பெட்டிகளில் 'எக்ஸ்ட்ரா பேஸ்', 'டீப் பேஸ்', 'சூப்பர் பேஸ்' என்று எதுவுமே போடாத பெட்டி ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். சல்லிக் கிராமத்திலிருந்து பஸ் ஏறிப் போய்க் காசை நீட்டுவதற்கு முன் இந்தத் துணுக்குகளைப் படித்துவிடுங்கள். மடியில் கனம் இல்லாவிட்டாலும் காதில் கனம் கிடைக்கும்.

எது பேஸ்?

மனிதக் காதுக்கு எட்டுவது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையான மீடிறன். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிவிடும். இதில் ஏறத்தாழ 20 முதல் 250 வரையுள்ள அடித்தட்டுத்தான் பேஸ். நான்கு தந்தி பேஸ் கிற்றாரின் ஆகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும். காற்றில் அந்த ஒலியின் ஓர் அலை எட்டு மீற்றருக்கும் அதிக நீளம். அத்தனை பெரிய அலையை நிலக்கடலை அளவு கருவி ஒன்று எப்படித் தருகிறது? அதுதான் அடுத்த துணுக்கு.

காதை அடைத்தால்தான் பேஸ்

ஒரு மண்டபத்தில் பேஸ் கேட்கவேண்டுமானால் 12 அங்குல ஸ்பீக்கர் பெருமளவு காற்றைத் தள்ளவேண்டும். காதுக் குழாயோ சுமார் இரண்டரை சென்ரிமீற்றர் நீளந்தான். அதை இறுக அடைத்துவிட்டால் உள்ளே இருப்பது ஒரு சிட்டிகைக் காற்று. சில மில்லிமீற்றர் அகல மென்தகடு கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்தாலே அந்தக் காற்றின் அழுத்தம் ஏறி இறங்கும். செவிப்பறை அதை முழு பேஸாக உணரும்.

ஆனால் அடைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் கதை மாறிவிடும். வாசர் கிழிந்த சைக்கிள் பம்பை எவ்வளவு அழுத்தினாலும் காற்று ஏறாது, இதுவும் அப்படித்தான். முதலில் ஓடிப்போவது ஆகத் தாழ்ந்த மீடிறன்கள். பாடகரின் குரலும் சிஞ்சா ஒலியும் அப்படியே இருக்கும், அடி மட்டும் காணாமற்போகும். 'மலிவுச் சாமான், பேஸ் இல்லை' என்று வீசப்படும் எத்தனையோ ஹேண்ட்ஸ்ஃப்ரீகளின் குற்றம் இவ்வளவுதான்: றப்பர் அளவு பொருந்தவில்லை.

பெட்டிக்குள் மூன்று சோடி றப்பர் ஏன்?

சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று சோடி சிலிக்கன் றப்பர் வரும். பலர் மாட்டி வந்ததை மாற்றுவதே இல்லை, மற்ற இரண்டும் பெட்டியோடு குப்பைக்குப் போகும். ஒரே ஆளின் வலக்காதும் இடக்காதும் எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. வலத்துக்கு நடுத்தரம், இடத்துக்குப் பெரிது என்று போட்டாலும் தப்பில்லை. மாட்டும்போது மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னும் மெல்ல இழுத்துச் செருகுங்கள். சரியாக அடைபட்டால் வெளிச்சத்தம் சட்டென்று குறையும், நீங்கள் பேசுவது உங்களுக்கே குடத்துக்குள் பேசுவதுபோலக் கேட்கும். நுரைப் பஞ்சு முனைகள் தனியாகவும் விற்கின்றன. விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகினால் காதுக்குள் விரிந்து அடைக்கும்.

நம் கடலின் பேஸ் பாடகர்

1979இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து 'டியூலிப்' என்ற சிறு ஆய்வுப் பாய்க்கப்பல் 1980களின் தொடக்கத்தில் இங்கே வந்து, திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்களை ஆராய்ந்தது. இலங்கைக் கடலில் கேட்கும் அவற்றின் பாட்டுக்கு மூன்று பகுதிகள் உண்டு: 30 ஹெர்ட்ஸை ஒட்டிய உறுமல், 60ஐ ஒட்டி மேலே ஏறும் ஒலி, கடைசியில் 100ஐ ஒட்டி நீண்டு நிற்கும் ஒற்றைச் சுரம். மூன்றும் பேஸ் எல்லைக்குள்தான். அந்த ஒலிப்பதிவு கிடைத்தால் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் போட்டுப் பாருங்கள். அடைப்புச் சரியில்லாவிட்டால் கடைசிச் சுரம் கேட்கும், முதல் உறுமல் கேட்காது. உலகெங்கும் நீலத் திமிங்கிலங்களின் பாட்டு ஆண்டுக்காண்டு இன்னும் தாழ்ந்து வருகிறது என்று 2009இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

மில்லிமீற்றர் மோகம்

'14 மி.மீ. டிரைவர்' (ஒலி எழுப்பும் உறுப்பு) என்று பெட்டி பீற்றிக்கொண்டால் உடனே மயங்கவேண்டாம். காதை அடைக்காமல் வாசலில் தொங்கும் வகைக்குத்தான் பெரிய டிரைவர் தேவை, கசியும் காற்றை ஈடுகட்டவேண்டுமே! உள்ளே செருகும் வகையில் 6 மி.மீ. டிரைவரே 40 ஹெர்ட்ஸைத் தாராளமாகத் தரும்.

'20–20,000 ஹெர்ட்ஸ்' என்றால்?

ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இதே எண்தான். எந்த மீடிறன் எத்தனை டெசிபெல் ஏறி இறங்குகிறது என்ற விவரம் இல்லாமல் இந்த எண்ணால் பயனில்லை. 20 ஹெர்ட்ஸில் எறும்பு முணுமுணுப்பது போல ஒலித்தாலும் '20 ஹெர்ட்ஸ் உண்டு' என்று போட்டுவிடலாம். பார்க்கவேண்டிய எண்கள் வேறு: தடை 16 அல்லது 32 ஓம், உணர்திறன் 100 டெசிபெல் அளவில் அல்லது அதற்கு மேல். இவை இருந்தால் சின்ன எம்பி3 பிளேயரும் சிரமமில்லாமல் ஓட்டும்.

சத்தம் குறைத்தால் பேஸ் ஓடும்

1933இல் பிளெச்சரும் மன்சனும் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்த சங்கதி இது. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ந்த ஒலி எளிதில் எட்டாது. இன்றைய சர்வதேச நியமத்தின்படி 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபெல்லில் எவ்வளவு உரக்கக் கேட்குமோ, அவ்வளவு உரக்க 50 ஹெர்ட்ஸ் கேட்க ஏறத்தாழ 78 டெசிபெல் வேண்டும். கடைக்காரர் சத்தத்தை முழுக்க ஏற்றித் தந்தால் எந்தச் சாமானும் பேஸாகத்தான் கேட்கும். இரண்டு ஹேண்ட்ஸ்ஃப்ரீகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே உரப்பில் இருக்கவேண்டும்.

பஸ்சும் படகும் பேஸைத் தின்னும்

பஸ் எஞ்சினும் படகு மோட்டாரும் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த மீடிறன். அது பாட்டின் பேஸை மறைக்கும். உடனே கை சத்தத்தைக் கூட்டும். நன்றாக அடைக்கும் றப்பர் இருந்தால் இரைச்சல் வெளியே நிற்கும், பாதிச் சத்தத்திலேயே அடி கேட்கும். ஒன்று: படகில் எஞ்சின் சத்தத்தையும் வீதியில் ஹோர்னையும் கேட்டே ஆகவேண்டும். அங்கே ஒரு காதாவது திறந்திருக்கட்டும்.

தவில் நெஞ்சில் இடிப்பது ஏன்?

கோயில் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்றால் அடி நெஞ்சுக்கூட்டிலும் இறங்கும். உடம்பே பேஸை வாங்குகிறது. ஹேண்ட்ஸ்ஃப்ரீ அசைப்பது செவிப்பறையை மட்டும். நெஞ்சில் இடிக்கவேண்டும் என்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் அந்த இடி வராது, காதுக்குத்தான் கேடு.

மூளை போடும் கள்ளக் கணக்கு

போனின் சின்ன ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸைச் சரியாகத் தரமுடியாது. ஆனாலும் பேஸ் கிற்றாரின் மெட்டு நமக்குப் பிடிபடும். 200, 300, 400 ஹெர்ட்ஸில் வரும் துணையொலிகளைக் கேட்டு, அடியில் 100 இருக்கவேண்டும் என்று மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே கடையில் 'மெட்டுக் கேட்கிறதா' என்று பார்ப்பது போதாது. அந்த மெட்டுக்குக் கனம் இருக்கிறதா என்று பாருங்கள். இளையராஜா பாடல்களில் சசிதரனும், ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸ் கிற்றார் இதற்கு நல்ல பரீட்சை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் அப்படியே. ரவைப் பசை அப்பி எடை கூட்டிய தோல் தாழ்ந்து ஒலிக்கும். 'கும்' என்ற அந்த ஒலி ஊதிப்போய் வலந்தலையை மூடினால் அது பேஸ் அல்ல, குழப்பம்.

குசினி மேசையில் பிறந்தது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் 1910இல் தன் வீட்டுக் குசினியில் ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். பரிசோதித்த கடற்படை மேலும் கேட்டது. சின்ன இடத்தில் ஒரு தடவைக்குப் பத்துத்தான் செய்யமுடியும் என்றாராம். கைக்குள் அடங்கும் இசைக்கு வழி திறந்தது 1979 யூலை 1இல் யப்பானில் விற்பனைக்கு வந்த சோனியின் வாக்மேன். இருவர் சேர்ந்து கேட்க அதில் இரண்டு துளைகள் இருந்தன.

துளை இல்லாத போன்

3.5 மி.மீ. பின்னின் பாட்டன், 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் பெண்கள் செருகி எடுத்த கால் அங்குலப் பின். 2016இல் ஐபோன் 7 அந்தத் துளையை நீக்க, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். டைப்-சி மாற்றி வாங்குபவர்கள் கவனிக்க: சில மாற்றிகளுக்குள் டிஜிட்டலை ஒலியாக்கும் சிப் உண்டு, சிலவற்றில் வெறும் வயர்தான். வெறும் வயர் எல்லாப் போனிலும் வேலை செய்யாது. உங்கள் போனிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

வயர்தான் அன்ரனா

எஃப்எம் உள்ள போனில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ வயரே அன்ரனா. வானொலிப் பிரியர்களுக்கு வயர்லெஸ் பட்ஸ் சரிவராது. இன்னொன்று: 1980களிலிருந்து 2013 வரை ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலியின் மறுஒலிபரப்பு நிலையம் திருகோணமலையில் இயங்கியது. அது பயன்படுத்திய மத்திய அலையில் நிலையங்களுக்கிடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான், மேல் மீடிறன்கள் வெட்டுப்பட்டே வரும். அத்தகைய ஒலிபரப்பை 'எக்ஸ்ட்ரா பேஸ்' சாமானில் கேட்டால் செய்தி வாசிப்பவர் போர்வைக்குள்ளிருந்து பேசுவார்.

உப்புக்காற்றுக்கு எது தாங்கும்?

பின்னில் தங்கப் பூச்சு இருப்பதால் பேஸ் கூடிவிடாது. ஆனால் தங்கம் கறுக்காது, களிம்பேறாது. கடற்கரை ஊருக்கு அது நல்ல காரணம். 'ஐபிஎக்ஸ்4' என்பது தெறிக்கும் நன்னீரை வைத்துச் செய்த பரிசோதனை. கடல்நீருக்கு அது உத்தரவாதம் அல்ல. உப்பு பட்டால் ஈரத் துணியால் ஒற்றி, நிழலில் காயவிடுங்கள். வலைக்கண்ணில் காதுக்குறும்பி அடைந்தாலும் சத்தம் இறங்கும். பழைய பல்துலக்கியால், ஹேண்ட்ஸ்ஃப்ரீயின் வாய் கீழ்நோக்கி இருக்கத் துடையுங்கள். பக்கத்தில் இருக்கும் ஊசித் துளையை மட்டும் ஒட்டிவிடாதீர்கள், பேஸை அளந்து வைப்பதே பெரும்பாலும் அந்தத் துளைதான்.

ஒட்டுவேலையில் தொலையும் அடி

அறுந்த வயரை ஈயம் வைத்து ஒட்டும்போது ஒரு பக்கத்து இரு இழைகளும் இடம் மாறிவிட்டால், இரண்டு மென்தகடுகளும் எதிரும் புதிருமாக அசையும். தலை நடுவில் நிற்கவேண்டிய பேஸ் சிதறிப் பொக்கையாகக் கேட்கும். இழைகளைத் திருப்பி ஒட்டினால் சரி.

வயரா, புளூடூத்தா?

ஒரே விலைக்கு இரண்டு கிடைத்தால், வயர் உள்ளதில் காசின் பெரும்பகுதி ஒலிக்குப் போகும். புளூடூத்தில் பற்றரி, சிப், சார்ஜ் பெட்டி எல்லாம் அந்தக் காசில் பங்கு கேட்கும். பட்ஸுக்குள் இருக்கும் பற்றரி மிகச் சிறியது. நாட்பட்டு அது தளர்ந்தால் மாற்றுவது அரிது.

கூட்டாதே, குறை

ஈக்குவலைசரில் பேஸை உச்சத்துக்கு ஏற்றினால் ஒலி உடைந்து கரகரக்கும். மற்றவற்றை இரண்டு மூன்று படி இறக்கிவிட்டுச் சத்தத்தைச் சற்றுக் கூட்டுங்கள். அதே பேஸ், சுத்தமாக வரும்.

காதுக்கும் வாரக் கணக்கு உண்டு

உலக சுகாதார நிறுவனத்தின் அளவு: 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம், 90இல் 4 மணி நேரம், 100இல் 20 நிமிடம். கேட்டு முடித்தபின் காதுக்குள் 'ஙொய்' என்று இரைந்தால் கணக்கு மீறியாயிற்று.

கடையில் செய்யவேண்டியது

தெரிந்த பாட்டு ஒன்றைப் போனில் ஏற்றிக்கொண்டு போங்கள். மாதிரிச் சாமான் இருந்தால் மூன்று றப்பரையும் மாற்றிக் கேளுங்கள், முதலில் பாதிச் சத்தத்தில். விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் திடீரென்று பெருகினால் சாமான் நல்லது, றப்பர்தான் சிறிது. அழுத்தியும் பேஸ் வராவிட்டால் அடுத்த பெட்டியைக் கேளுங்கள். பற்றுச்சீட்டை வாங்காமல் இறங்காதீர்கள்: கேட்டால் தரவேண்டியது வணிகரின் கடமை என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். முறைப்பாடு இருந்தால் அழைக்கவேண்டிய எண் 1977.