அரிசி இருந்தது, அப்புறம் ஏன் விலை ஏறியது?

2023 ஜூலையில உங்க வாட்ஸாப்புக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். அமெரிக்காவில் இருக்கிற இந்தியக் கடைகள்ல நம்ம ஆளுங்க மூட்டை மூட்டையா அரிசியை அள்ளிட்டுப் போவாங்க. பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்யக்கூடாதுன்னு இந்தியா தடை போட்ட கையோடு நடந்த கூத்து அது. பார்த்துட்டு சிரிச்சோம். ஆனா அதே வேலையை குடும்பங்கள் இல்லாம, நாடுகளே செஞ்சா? 2008-ல அதுதான் நடந்தது.

முதல்ல ஒரு விஷயம். உலகத்தில் விளையுற அரிசியில் பெரும்பகுதியை விளைஞ்ச நாட்டு மக்களே சாப்பிட்டுடறாங்க. நாடு விட்டு நாடு போறது அப்போ நூற்றுக்கு ஏழு பங்குதான். சந்தை அவ்வளவு சின்னது. அதில் ஒருத்தர் கையை எடுத்தாலும் மொத்தமும் ஆடும்.

2007-ல கோதுமை விலை ஏறியது. வெளியே கோதுமை வாங்கினா கட்டுப்படியாகாது, ரேஷனுக்கு அரிசியையாவது பத்திரப்படுத்தணும்னு அந்த அக்டோபரில் இந்தியா ஏற்றுமதியை இறுக்கிப் பிடித்தது. வியட்நாமும் அதே வழிக்கு வந்தது. வெளியே வாங்கியே சமாளிக்கிற பிலிப்பைன்ஸுக்கு பயம் வந்துடுச்சு. கிடைக்கும்போதே வாங்கிடணும்னு பெரிய பெரிய டெண்டர் விட்டாங்க. அதைப் பார்த்து விக்கிறவங்க இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்னு உட்கார்ந்துட்டாங்க. 2008 ஜனவரியில் டன்னுக்கு 400 டாலருக்குள்ள இருந்த தாய்லாந்து அரிசி, ஏப்ரல் கடைசியில் 1,000 டாலரைத் தாண்டியது. இத்தனைக்கும் உலக நெல் விளைச்சல் குறையவே இல்லை!

இதில் இந்தியாவை வில்லனாக்க எனக்கு மனசு வரலை. ரேஷன் கடையில் அரிசி இல்லைன்னா எந்த அரசும் மக்களுக்குப் பதில் சொல்லியாகணும். ஒவ்வொரு நாடும் தன் வீட்டுக்கு நியாயமாத்தான் நடந்துகிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் அப்படி நடந்துகிட்டதுதான் பிரச்சினை.

விலை இறங்கின கதை இதைவிட சுவாரசியம். 1995-ல இருந்து உலக வர்த்தக ஒப்பந்தப்படி ஜப்பான் வருஷா வருஷம் வெளிநாட்டு அரிசி வாங்கியாகணும். அங்கே அதை விரும்பிச் சாப்பிட ஆள் குறைவு. அதனால கிடங்கில் தேங்கும், கொஞ்சம் கால்நடைத் தீவனமாவும் போகும். 2008-ல அப்படித் தேங்கிக் கிடந்தது சுமார் 15 லட்சம் டன். அதில் அமெரிக்க அரிசியும் நிறைய. அதை வெளியே விற்கணும்னா அமெரிக்கா தலையாட்டணும். டாம் ஸ்லேடன், பீட்டர் டிம்மர்னு ரெண்டு வல்லுநர்கள் மே மாசம் இதைத்தான் எழுதினாங்க: அந்தக் கிடங்கைத் திறந்து விடுங்க. அமெரிக்காவும் ஆட்சேபம் இல்லைன்னு சொன்னது. அவ்வளவுதான், கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியே விலை சரிய ஆரம்பித்தது. வியட்நாமில் நல்ல அறுவடைங்கிற செய்தியும் கைகொடுத்தது. பயத்தில் ஏறின விலை, பயம் போனதும் இறங்குது.

ஆனா அந்த நாலஞ்சு மாசத்துக்கு யாரோ விலை கொடுத்தாங்க இல்லையா? ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் பசியில் இருக்கிறவங்களுக்கு உணவு கொடுக்கிற அமைப்பு, ஓடுறது நாடுகள் தரும் நன்கொடையில். அரிசி விலை ரெட்டிப்பானா அதே பணத்தில் பாதித் தட்டுதான் நிரம்பும். 2008 மார்ச்சில் அவங்க கூடுதலா 50 கோடி டாலர் கேட்டு நின்னாங்க. மே மாசம் சவுதி அரேபியா அந்தத் தொகையைக் கொடுத்தது.

ஹைட்டியில் அதுவரை பொறுக்க முடியலை. ஏப்ரலில் பசியோடு தெருவுக்கு வந்த மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு. 12-ஆம் தேதி பிரதமர் அலெக்ஸியின் பதவியே போனது. ஒரு காலத்தில் தன் அரிசியை பெரும்பாலும் தானே விளைவித்த நாடு அது. 1995-ல இறக்குமதி வரியை 3 சதவீதமாக் குறைக்க வைத்தார்கள். மானியம் வாங்கி விளைஞ்ச அமெரிக்க அரிசி மலிவா வந்து குவிந்தது, உள்ளூர் விவசாயி வயலை விட்டுட்டு நகரத்துக்குப் போனார். 2008-ல அந்த மலிவு அரிசியும் கைக்கு எட்டலை. 2010 மார்ச்சில் பில் கிளிண்டன் அமெரிக்க செனட் குழு முன்னாடி இதை ஒத்துக்கிட்டார். தன் சொந்த ஆர்கன்சாவில் சில விவசாயிகளுக்கு அது நல்லதா இருந்திருக்கலாம், ஆனா அது தப்புதான்னு சொன்னார். அந்த மாநிலம்தான் அமெரிக்காவிலேயே அதிகமா நெல் விளையுற இடம்.