மதிலற்ற சிறை

கொலை செய்தவனைச் சிறையில் பூட்டியதோடு சமுதாயத்தின் கடமை தீர்ந்துவிட்டதாக நம்மில் பலர் எண்ணுகின்றோம். ஆயுள் தண்டனை பெற்றவர்களிலும் மிகப் பலர் ஒரு நாள் வெளியே வரப்போகின்றவர்களே. பல்லாண்டுகள் மணி அடித்தால் உண்டு, மணி அடித்தால் உறங்கிய ஒருவன், பிழைக்கும் வகை மறந்து திரும்புவானாயின், அத்தீங்கு அவனோடு நிற்பதில்லை. அண்டை வீட்டாரையும் சாரும்.

ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேர், அச்சுத் துணிகளுக்குப் பேர்போன ஊர். அங்கே 1963-இல் ஏற்பட்ட திறந்தவெளிச் சிறை, அந்நாளில் இராஜஸ்தான் ஆளுநராயிருந்த டாக்டர் சம்பூர்ணானந்தரின் பெயரைத் தாங்கியது. அங்கிருப்போரில் பெரும்பாலோர் கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை அடைந்தவர்கள். ஆயினும் உயர்ந்த மதிலோ பூட்டிய கொட்டடியோ கிடையாது. மனைவி மக்களோடு சிறு வீடுகளில் வாழ்கின்றனர். அரசு சோறு போடுவதில்லை. வெளியே சென்று உழைத்துத் தாமே குடும்பத்தைக் காத்தல் வேண்டும். காலையும் மாலையும் ஆஜர் எடுப்பர். அன்றாட ஒழுங்கைக் கைதிகளின் பஞ்சாயத்தே கவனிக்கின்றது.

எடுத்த எடுப்பில் எவரையும் இங்கு அனுப்பிவிடுவதில்லை. 1972-ஆம் ஆண்டின் விதிகளின்படி, கழிவு உட்படத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை மூடிய சிறையில் நன்னடத்தையோடு கழித்திருத்தல் வேண்டும். சில வகைக் குற்றவாளிகளுக்கு இடமே இல்லை. இது தக்கதே என்பது நம் கருத்து. நிலத்தகராற்றில் ஒரு கணச் சினத்தால் அரிவாள் எடுத்தவனும், கொள்ளையையே தொழிலாகக் கொண்டவனும் ஒரே மருந்தால் குணமாவார்களா?

இம்முயற்சிக்கு முன்னோடியும் உண்டு. ஔந்து சமஸ்தானத்தில் 1939-இல் தோன்றிய சுவதந்திரபூர்க் குடியிருப்பைத் தழுவியே சாந்தாராம் 1957-இல் ஓர் இந்திப் படம் எடுத்தார். அதுவே 1975-இல் எம்.ஜி.ஆர். நடிக்கத் தமிழில் 'பல்லாண்டு வாழ்க' என வந்தது. கொலைஞர் அறுவரை நம்பி நிலம் உழச்செய்யும் அதிகாரியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

கொலையுண்டவனின் குடும்பம் இதனை எங்ஙனம் பொறுக்கும் என்ற வினா எழும்; எழுவதே முறை. அவர்களுடைய இழப்பை மூடிய சிறையும் ஈடு செய்வதில்லை. அக்குடும்பத்திற்கு உதவி தேடுவது தனிக் கடமை. கைதியைச் சோம்பலில் வைத்திருப்பதால் அது நிறைவேறாது.

வேற்று மாநிலத்தில் வாடகை வீடு தேடி அலைந்த நமக்கு, அறிமுகமற்ற ஊரில் நம்பிக்கை பெறுவது எத்துணை அரிது என்பது தெரியும். சிறைப்பெயரும் சேர்ந்தால் சொல்லவேண்டியதில்லை. சாங்கானேரில் விடுதலை ஆணை வந்த பின்னரும் சிலர் புறப்படத் தயங்கியதுண்டு. பிழைப்பு அவ்வூரில் அமைந்துவிட்டது. பிள்ளைகளின் பள்ளியும் அங்கேதான்.