உங்களுக்குத் தெரியுமா? லென்ஸுக்கும் மூக்குக்கண்ணாடி!

1954இல் வந்த லைக்கா எம்3 கேமராவில் 35 மி.மீ. வைட் ஆங்கிள் லென்ஸ் மாட்ட வேண்டுமா? லென்ஸுக்கே ஒரு மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது!

• எம்3 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே ஓரத்தில் இருக்கும் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். எந்த லென்ஸ் மாட்டினாலும் காட்சி மாறாது. படம் எதுவரை விழும் என்று காட்டும் வெள்ளைக்கோட்டுச் சட்டம்தான் மாறும்.

• எம்3இல் 50, 90, 135 மி.மீ.க்கு மட்டுமே சட்டங்கள். ஆகவே 35 மி.மீ. லென்ஸோடு இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்தே விற்றார்கள். லென்ஸை மாட்டியதும் அவை கேமராவின் ஜன்னல்களுக்கு முன்னால் வந்து நிற்கும். காட்சி சுருங்கும், 50க்கான சட்டத்துக்குள் 35இன் பரப்பு அடங்கிவிடும். பார்க்க விசித்திரம், வேலை கச்சிதம்.

• அடுத்து வந்த எம்2வில் 35க்கே சட்டம் கிடைத்தது. 28 மி.மீ. சட்டத்துக்கு எம்4-பி கேமரா வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதிலும், கண்ணாடி அணிந்தவர்களுக்கு ஓரக்கோடுகள் தெரிவது சிரமம்தான்.

• 21 மி.மீ. என்றால் கேமராவின் தலையில் தனி வியூஃபைண்டர் செருக வேண்டும். ஃபோகஸுக்கு ஒரு ஜன்னல், சட்டத்துக்கு இன்னொன்று.

• சில லென்ஸ் ஹூடுகளில் வெட்டிவிட்ட ஓட்டைகள் அழகுக்காக அல்ல. லென்ஸும் ஹூடும் ஜன்னலின் வலது கீழ்மூலையை மறைக்கும். அந்த ஓட்டை வழியாகத்தான் மறைந்த மூலை கொஞ்சமாவது தெரியும்.