கருவியை ஆக்கும் கருவி

கொல்லனது சுத்தியலும் பிறிதொரு சுத்தியலால் ஆக்கப்பட்டதேயாம். அங்ஙனமாயின் முதற் சுத்தியலை ஆக்கியது யாது? இவ்வினா உலைக்களத்துக்கு மட்டும் உரியதன்று. கணினித் துறையிலும் எழுவதாகும்.

லினக்ஸ் வழங்கல்களுள் ஒன்றான டெபியன், 1993ஆம் ஆண்டில் இயன் மர்டொக் என்பவரால் தொடங்கப்பெற்றது. மாந்தர் எழுதும் மூலநிரலை இயங்குநிரலாக மாற்றி, எவரும் நிறுவத்தக்க பொதிகளாகக் கட்டி வழங்குவது அதன் பணி. ஜாவா மொழியில் எழுதப்படும் நிரல்கள் பல, மேவன் என்னும் கட்டுமானக் கருவியால் ஆக்கப்படுவன. மேவன் தானாகச் செய்யும் தொழில் சிறிதே. மொழிமாற்றல், சோதித்தல், கட்டுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அது ஒவ்வொரு செருகியை அழைக்கும். செருகி கைவசம் இல்லையெனின் இணையக் களஞ்சியத்திலிருந்து தருவித்துக்கொள்ளும்.

ஈண்டுதான் இடர் தோன்றுகின்றது. பொதியை ஆக்குங்கால் இணையத்தை நாடலாகாது என்பது டெபியனின் விதி. வேண்டுவன யாவும் தத்தம் மூலநிரலோடு அதன் களஞ்சியத்திலேயே இருத்தல் வேண்டும். ஆதலின் செருகிகளும் தனித்தனிப் பொதிகளாக்கப்படுகின்றன. மூலத்திற் குறித்த பதிப்பெண் களஞ்சியத்திலுள்ளதனோடு பொருந்தாதவிடத்து, 'டெபியன்' என்னும் பொதுக் குறியை இட்டு அதனை மாற்றியெழுதுவர். ஆயின், மொழிமாற்றும் செருகியை ஆக்குதற்கும் அச்செருகியே வேண்டுமன்றோ! இம்முடிச்சை அவிழ்த்தற்கு, அடிப்படைப் பகுதிகள் சிலவற்றை மேவனுக்கு முற்பட்ட அன்ற் என்னும் கருவியால் ஆக்கிக்கொண்டு, அவற்றைத் துணையாகக் கொண்டு ஏனையவற்றை ஆக்கும் முறையும் உண்டு.

இத்துணைப் பாடு எற்றுக்கு எனின், கருவியிலும் வஞ்சகம் ஒளிதல் கூடும் என்க. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்னும் தரவுச் சுருக்க நிரலில் வஞ்சக நிரலொன்று கண்டறியப்பட்டது. அதனைத் தூண்டும் கட்டளை பொதுக் களஞ்சியத்து மூலநிரலில் இல்லை; வெளியீட்டுடன் சேர்க்கப்பட்ட கட்டுமான வரிகளுள் மறைந்திருந்தது. டெபியனின் சோதனைப் பதிப்பினுள்ளும் அது புகுந்துவிட்டது. தொலைவிலிருந்து கணினியுள் நுழையுங்கால் நேர்ந்த ஏறத்தாழ அரை விநாடித் தாமதத்தை ஐயுற்று ஆராய்ந்த ஒருவரே அதனை வெளிப்படுத்தினார்.

விதி ஒன்றே காவலாகாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. எனினும், ஆராயப் புகுவார்க்கு மூலமும் அதனை ஆக்கிய கருவியும் ஒருங்கே திறந்திருத்தல் இன்றியமையாதது. செருகிகளைப் பொதியாக்குவோரின் பொறுமைமிக்க உழைப்பு அதனையே நமக்கு ஈட்டித் தருகின்றது. கணினி பயிலும் மாணவர், நிரல் யாது செய்கின்றது என வினவுவதோடு அமையாது, அஃது எதனால் ஆக்கப்பட்டது என்றும் வினவுதல் நன்று.