விடைத்தாளிற் குறிப்பும் கட்டுரையும்

பரீட்சை மண்டபத்திற் காலம் குறுகியது, எழுதவேண்டியதோ மிகுதி. ஆதலின் மாணவர் பலர், கருத்துக்களைத் தொடர்ந்து எழுதாது, வரிக்கு வரி கரும்புள்ளியிட்டுக் குறிப்புக்களாக நிரற்படுத்த விரும்புகின்றனர். இலங்கைத் தமிழிற் 'புள்ளி' என்னுஞ் சொல் மதிப்பெண்ணையுங் குறிக்கும். கரும்புள்ளி இடுவதாற் பரீட்சைப் புள்ளி கூடுமா, குறையுமா? கண்டி நகரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் க.பொ.த. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர்க்கு இது சிறிய வினாவன்று. பேராதனைப் பல்கலைக்கழகம் அண்மையில் இருப்பினும், அதன் வாயிலைத் திறப்பது விடைத்தாளே.

இதற்கு விடை, வினாவின் ஏவற்சொல்லிலேயே உளது. 'பெயரிடுக', 'குறிப்பிடுக' என வினவின், குறிப்பு முறையே பொருத்தமானது. மூன்று காரணங்கள் கேட்ட இடத்து மூன்றினைத் தனித்தனி வரியில் எழுதுதல் பரீட்சகர்க்குந் தெளிவு தரும். ஐந்து எழுதுவதால் மேலதிகப் பயனில்லை. விஞ்ஞான பாடத்திற் பரிசோதனையொன்றின் படிகளை இலக்கமிட்டு எழுதுவது சிறப்பு; அங்கே ஒழுங்கே பொருளாகும். கணிதத்திலும் படிமுறை அவ்வாறே.

'விளக்குக', 'ஆராய்க', 'ஒப்பிடுக' என்பன வேறு வகையின. அவை கருத்துக்களை மாத்திரமன்றி, அவற்றிடையேயுள்ள தொடர்பையும் வேண்டுகின்றன. மலைநாட்டிற் கோப்பியின் இடத்தைத் தேயிலை பெற்றமையை விளக்குமாறு ஒரு வினா வருவதாகக் கொள்வோம். 'இலைத்துரு நோய், ஜேம்ஸ் டெயிலர், புகையிரதம், தொழிலாளர்' என நான்கு குறிப்புக்கள் எழுதினால் அவை பிழையல்ல. ஆயினும் விளக்கம் அங்கே இல்லை. 1867ஆம் ஆண்டில், கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரவில் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். அதே ஆண்டிற் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தமையாலேயே, தோட்டக்காரர் வேறு பயிரை நாடவேண்டியவராயினர். அப்பொழுது தேயிலை பயிராகும் என்பது கண்கூடாயிருந்தது. கோப்பி அறுவடை பருவத்துக்குரியது. ஆகவே தென்னிந்தியத் தொழிலாளரிற் பலர் வந்து மீண்டனர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. ஆகவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின. 'தொழிலாளர்' என்ற ஒற்றைச் சொல்லில் இவ்வரலாறு அடங்காது. தோட்டத்துப் பிள்ளை அச்சொல்லோடு நிறுத்திக்கொண்டால், இழப்பது பரீட்சைப் புள்ளியை மாத்திரமன்று; தன் முன்னோர் இம்மலைகளில் வேரூன்றிய காரணத்தைத் தன் வாக்கியத்தாற் சொல்லும் வாய்ப்பையுமாம். 'ஆதலால்', 'ஆயினும்', 'அதன் விளைவாக' என்னும் இணைப்புச் சொற்களே சிந்தனையின் நரம்புகள். கரும்புள்ளி அவற்றை அறுத்துவிடுகின்றது.

தமிழ் இலக்கிய நயம் கூறுமிடத்தும் இதுவே நிலை. உவமை, எதுகை, மோனை எனப் பெயர்களை அடுக்குதல் நயமாகாது. அவை கவிதையில் யாது செய்கின்றன என எடுத்துரைத்தலே நயம்.

எனினும் குறிப்பு முறையை முற்றாக ஒதுக்குதல் அறிவுடைமையன்று. தொகுத்தும் வகுத்தும் கூறுதலை நன்னூலாரும் உத்திகளாகக் கொண்டனர். கட்டுரை விடை தொடங்குமுன் சில நிமிடங்களிற் குறிப்புக்களை வரைந்து, வரிசைப்படுத்தி, பின்னர் ஒவ்வொன்றையும் ஒரு பந்தியாக விரித்தல் நன்று. இறுதி மணி நெருங்கும் வேளையில், எஞ்சிய கருத்துக்களை முழு வாக்கியக் குறிப்புக்களாகவேனும் எழுதுதல் வெற்றுத்தாள் விடுவதினும் மேலானது.

சுருங்கக் கூறின், குறிப்பு ஒரு மாணவன் அறிந்தவற்றைக் காட்டும். தொடர்ந்த உரைநடை அவன் விளங்கிக்கொண்டதைக் காட்டும். இவ்விரண்டில் வினா வேண்டுவது யாதென முதலில் வாசித்தறிபவனே நன்கு விடையளிப்பவனாவான்.