கரண்டி முதுகின் சாதகம்

சம்பூர்க் கடற்கரையிலே நின்று கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் வடதிசை நோக்குவோர்க்குப் புலப்படும் திருகோணமலைத் துறைமுகம், 1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பட்டு, 1957இல் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்படும் வரையில், விருந்து மேசையிலே வெள்ளிப் பாத்திரம் பரப்புவதைக் கௌரவமாகக் கொண்ட ஒரு கடற்படையின் தளமாக விளங்கிற்று.

என்னிடமும் ஆங்கில வெள்ளி மேசைக்கரண்டியொன்று உண்டு. அதன் கிண்ணத்தின் இடப்பக்க விளிம்பு, வலக்கையால் உண்டவர்கள் தட்டிலே உரசி உரசிச் சற்றே தேய்ந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பத்தரிடம் அதனைக் காட்டியபோது, அவர் தராசிலிட்டு நிறை பார்த்து, உருக்கினால் ஒரு சோடி காற்சங்கிலி செய்யலாமென்றார். பழைய வெள்ளியை அழித்துப் புதிது செய்வதே நம்மவர் வழக்கமாகையால் அவர் சொன்னதிலே பிழையில்லை. ஆனால், ஆங்கில வெள்ளியைச் சேகரிப்போர் தராசைத் தேடுமுன் கரண்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள்.

அங்கே, பிடியின் பின்புறத்திலே, எள்ளளவான முத்திரைகள் வரிசையாக நின்று, சாதகக் குறிப்பைப் போல, அப்பொருள் பிறந்த ஊரையும் ஆண்டையும் செய்தவரையும் உரைக்கும். முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம், ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்னும் ஸ்டெர்லிங் தரத்துக்கு 1544 முதல் சாட்சி; கலப்பற்ற வெள்ளி எளிதில் வளையுமாதலால், எஞ்சிய பங்கிலே வலுவுக்காகச் செம்பு சேர்ப்பர். சிறுத்தைத் தலை இலண்டனைக் குறிக்கும். 1821 வரை அத்தலையிலிருந்த கிரீடம் என் கரண்டியில் இல்லை. சிறுத்தைத் தலையருகே காணும் விக்டோரியா இராணியின் தலையோ, 1784 முதல் 1890 வரை அமலிலிருந்த வெள்ளி வரி செலுத்தப்பட்டதற்கு அடையாளம். ஆகவே, ஆண்டைக் குறிக்கும் எழுத்து முத்திரை தேய்ந்துபோனபோதிலும், இது அவ்வம்மையார் பட்டமேறிய 1837க்கும் 1890க்கும் இடையிற் பிறந்ததெனத் துணியலாம்.

கடலே காணாத பர்மிங்ஹாம் நகருக்கு நங்கூரம் முத்திரையாக வாய்த்தது துறைமுகத்தார்க்கு நகைப்பூட்டும்; 1773இல் வெள்ளியின் தரம் பார்த்து முத்திரையிடும் சோதனைச்சாலை வேண்டி இலண்டன் சென்றவர்கள் கூடிய 'கிரீடமும் நங்கூரமும்' என்ற விடுதியின் பெயரைப் பர்மிங்ஹாமும் ஷெபீல்டும் பங்கிட்டுக்கொண்டனவென்று கதை சொல்வார்கள்.

'ஈ.பி.என்.எஸ்.' என்ற எழுத்துக்களைக் கண்டால் சிங்கத்தைத் தேடவேண்டாம். அது 1840இல் எல்கிங்டன் காப்புரிமை பெற்ற மின்முலாம் முறையிலே, நிக்கல் கலந்த உலோகத்தின்மீது ஏற்றிய வெள்ளிப் பூச்சேயாகும். இதை அறியாமல் நானும் ஒருமுறை முழுவெள்ளி விலை கொடுத்ததுண்டு.

முட்டையிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். உப்போ அதனை அரித்துக் குழியாக்கும். அதனாலேயே வெள்ளி உப்புக்கிண்ணங்களின் உட்புறத்தில் பொன்முலாம் பூசுவார்கள், அல்லது கண்ணாடிக் கிண்ணம் பதிப்பார்கள். உப்புக்காற்று வீசும் எங்கள் பக்கத்திலே பெண்கள் திருநீற்றைத் தொட்டு வெள்ளியைத் துலக்குவார்கள். நானும் அவ்வாறே செய்கிறேன், சிங்கம் நிற்குமிடத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு.